கத்தியில்லாச் சமையல்

தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் போட வேண்டும் என்று சௌமியா மூன்று தடவை சொல்லியிருந்தாள், தண்ணீரோ கொதிப்பேனா என்கிறது. அகலப் பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாய்க் குமிழ் கட்டி நிற்பதைத் திலகவதி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், காதைக் குளியலறைப் பக்கம் வைத்தாள். அங்கே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. விழட்டும். விழுகிற சத்தம் கேட்கிறவரை பயமில்லை, நின்றால்தான் எண்ண ஆரம்பிக்க வேண்டும், துவட்டிக்கொள்ள அறுபது, சட்டை போட இன்னொரு அறுபது, அதற்கு மேல் ஒரு எண்கூட அவளால் எண்ண முடியாது, போய்க் கதவைத் தட்டிவிடுவாள். தாழ்ப்பாள் கிடையாது. மகன் மகுடேஷை ஆஸ்பத்திரியிலிருந்து, அவன் வேலைக்காகக் குடியிருக்கிற இந்த மடம்பாக்கம் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே ஆள் வைத்துக் கழற்றியாயிற்று, குளியலறைக் கதவிலும் படுக்கையறைக் கதவிலும் திருகாணி இருந்த இடத்தில் நாலு நாலு ஓட்டை மட்டும் கண் முழித்துக்கொண்டிருக்கிறது. பால்கனிக்குப் பூட்டு. பீரோவுக்குப் பூட்டு. பீரோவுக்குள் மூன்று கத்தி, ஒரு கத்திரிக்கோல், தோல் சீவுகிறது, அவனுடைய மாத்திரை, அவளுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை, எல்லாம் பட்டுப்புடவைக்கு அடியில். சாவி அவள் தாலிக்கொடியில் ஊக்குப் போட்டு மாட்டியிருக்கிறது. முப்பத்தோரு நாளாய் அது நெஞ்சில் இடித்து இடித்து அந்த இடம் கன்றிப்போயிருக்கிறது, கன்றட்டும், இடிக்கிறவரை சாவி இருக்கிறது என்று அர்த்தம். கத்தி இல்லாமல் சமைக்கப் பழகிவிட்டாள். பீன்ஸை ஒடிக்கலாம், தக்காளியைப் பிழியலாம், கீரையைக் கிள்ளலாம், பூண்டை டம்ளர் அடியால் ஒரு தட்டு. இன்றைக்குக் காளானைக் கையாலேயே பிய்த்துப் போட்டிருக்கிறாள், நனைந்த பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தது. கிரீம் பாக்கெட்டைத்தான் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து தின்ன ஒன்று கேட்டிருக்கிறான், பல்லால் என்ன, நகத்தால் வேண்டுமானாலும் திறப்பாள். “ம்மா, சாயங்காலம் பாஸ்தா பண்றியா? வெள்ளையா, கிரீம் போட்டுப் பண்ணுவாங்கல்ல, அது.” மத்தியானம் கேட்டான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவளுக்கு அந்த நிமிஷம் கால் தரையில் நிற்கவில்லை, பூஜை அலமாரிக்கு ஓடி ஆத்தா கண்ண முழிச்சிட்டியா என்று விழுந்து கும்பிட்டாள், கும்பிட்டு எழுந்திருக்கும்போதே, நெற்றி இன்னும் தரையை விட்டு முழுசாக வரவில்லை, அப்போதே அந்த இன்னொரு நினைப்பும் கூடவே எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் கேட்டான்? இன்றைக்கு ஏன் கேட்டான்?

வேண்டாம், தண்ணீரைப் பார். சௌமியா சொன்னதைத் தேதித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள், எட்டாம் வகுப்புக் கையெழுத்து, சூடு பட்டு ஓரம் சுருண்டிருந்தது. சௌமியா மூத்த மகள், கோயமுத்தூரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி, அங்கே உட்கார்ந்தபடியே போனில் எதையோ அமுக்கி இங்கே வாசலுக்குச் சாமானை வரவழைத்துவிட்டாள், ஏனென்றால் திலகவதி இவனைத் தனியே விட்டுவிட்டு முக்குக் கடைக்குக்கூடப் போவதில்லை. பெட்டியைப் பிரித்தபோது வடகம் மாதிரி குழல் குழலாக இருந்தது. “எண்ணெயில பொரிக்கோணுமா?” என்று கேட்டுவிட்டாள், அவள் அங்கே சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. “வடகமில்லம்மா, வேக வெக்கோணும். ரெண்டு லிட்டர் தண்ணி வை. கொதிச்சதும் உப்பு. கடல்தண்ணி மாதிரி இருக்கோணும்.” “அத்தன உப்பா? யாருடி திங்கறது?” “தண்ணியத்தான் வடிச்சிருவியே. வெள்ளக்காரங்க அப்படித்தான் பண்றாங்க.” “வேர்க்காத ஊர்க்காரனுக்கு எதுக்குடி அத்தன உப்பு?” “ஐயோ, உன்னோட பேசி ஜெயிக்க முடியாது. எழுதிக்கோ. வெண்ணெய், பூண்டு, வெங்காயம், ரெண்டு ஸ்பூன் மைதா, பால், கடைசியா கிரீம். சாஸுக்குத் தனியா உப்பு வேண்டாம், தண்ணியில போட்டதே பிடிச்சிருக்கும். இருவது நிமிஷ வேல.” “வெங்காயம் பொடியா நறுக்கோணுமா?”  குழந்தையின் சிணுங்கல் மட்டும் கேட்டது. “நறுக்க வேண்டாம்மா,” என்றாள் சௌமியா மெதுவாக, “நசுக்கிக்கோ.” பிறகு அவளே கேட்டாள். “அவனாவா கேட்டான்?” “அவனாத்தான்.” “நல்லதுதானேம்மா?” “நல்லதுதான் சாமி.” நல்லதுதான் என்று இவள் சொல்வதை அவள் நம்பியதாகவும், அவள் கேட்டதில் இருந்த நடுக்கம் இவள் காதில் விழாததாகவும் வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. மாங்காய்க்கு உப்புக் கேட்டுக் கையை நீட்டினால் திலகவதி கையில் தரவே மாட்டாள், தட்டில்தான் வைப்பாள், உப்பைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும் என்று. இப்போது முப்பத்தோரு நாளாய் இந்த வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற மாதிரிப் பேசுகிறார்கள். சௌமியா அவனைத் தடியா என்று கூப்பிடுவதில்லை, மகு என்கிறாள். கரூரில் விசைத்தறி வைத்திருக்கிற அவள் வீட்டுக்காரர், பிள்ளையிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசி அறியாத மனுஷர், தினமும் போன் போட்டு, சாப்டியா கண்ணு, என்கிறார். கண்ணு! பெற்ற மகனைக் கண்ணு என்று கூப்பிட அவருக்கு இது நடக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் இப்போது முணுமுணுக்கிறது. கல்லுப்பு ஜாடியை இழுத்து, மூடியைத் திறந்து, கரண்டியை உள்ளே விட்டாள். எத்தனை கரண்டி? கடல்தண்ணி மாதிரி என்றால் எத்தனை? மற்ற நாளாக இருந்தால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாம், இப்போது முடியாது, உப்பை விட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், மூக்கில் குழாயோடு அவன் கிடந்த அந்த முதல் ராத்திரி விடிந்ததும், மாரியாத்தாவை மனசில் நிறுத்தி வேண்டிக்கொண்டாள், என்ற பிள்ளையைத் திருப்பிக் குடு, நாப்பத்தெட்டு நாள் நாக்கில் உப்புப் படாது. அவன் எழுந்தான், இவள் நாக்கிலிருந்து உப்புப் போனது. உப்பில்லாத சோறு முதலில் மண்ணாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, இப்போது எல்லாமே ஒரே மாதிரி, எது சோறு எது கஞ்சி என்று தெரியாமல் இறங்குகிறது. அவனுக்குச் சமைப்பதை மணத்தைப் பார்த்தும் கை நினைவிலும்தான் முடிக்கிறாள், சில நாள் கூடுதல், சில நாள் குறைச்சல், அவன் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான். அவன் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான். மகுடேஷ் சாப்பாட்டில் குறை சொல்லாமல் எழுந்த பிள்ளை இல்லை, மூன்று வயதிலிருந்து தட்டின் முன்னால் நீதிபதி, புளி தூக்கல், உப்புக் கம்மி, இதென்ன ரசமா சுடுதண்ணியா, “ம்மா, நீ சமைக்கறப்ப சாமிகிட்ட பேசிட்டே சமைக்கற, அதான் எல்லாம் சாமிக்கு ஏத்த மாதிரி இருக்கு,” என்று சொல்வான், கரண்டியை ஓங்கிக்கொண்டு துரத்துவாள். அப்படிப்பட்டவன், அது நடப்பதற்கு மூன்று நாள் முன்னால் கரூருக்கு வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் சனிக்கிழமை வந்து நின்றான், “ம்மா, அரிசிம்பருப்புச் சாதம் பண்றியா” என்று கேட்டான், தட்டு நிறைய வாங்கி, நெய் விட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, “இத மாதிரி யாராலயும் பண்ண முடியாதும்மா” என்றான். பூரித்துப்போனாள். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாளிடம் போய்ச் சொன்னாள், என்ற பையன் முதல் தடவையா என்ற சமையலப் புகழ்ந்துட்டான் என்று, தெருவே கேட்கச் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. புகழ்ந்தான் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அவன் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறான், எனக்கு விளங்கவில்லையே, ஆத்தா, நெய் ஊற்றிக்கொண்டு நின்றேனே.

தண்ணீர் நின்றது. பாத்திரத்தில் இல்லை, அங்கே. திலகவதியின் கை கரண்டியோடு ஜாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டியை விட்டுவிட்டு நடந்தாள். கூடத்தில் பூஜை அலமாரியில் ஏற்றிய விளக்கு ஆடாமல் எரிந்தது, ஆறே முக்கால்தான் ஆகிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எண்ணினாள். ஐம்பத்தேழு. துண்டு உதறுகிற சத்தம். தொண்டையைக் கனைக்கிற சத்தம். “ம்மா, அங்க நிக்காத, வர்றேன்.” “நிக்கலீடா, விளக்குத் திரியப் பாத்தேன்.” பொய். இந்த வீட்டில் பொய் ஒன்றும் புதிதில்லை. உறவுக்காரர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், அவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த யோசனையைச் சொன்னார், பொண்ணு பாக்கற வயசு, வேற பேச்சு வேண்டாம் என்று. சின்ன மாமியார் ஒருத்தர் பார்க்க வந்து மூன்று நாள் தங்கினார், கீழாநெல்லி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார், பொய்யைக் காப்பாற்ற அந்த மூன்று நாளும் அவனுக்கு எண்ணெயில்லாத பத்தியச் சாப்பாடு, காலையில் கீழாநெல்லிச் சாறு. குடித்துவிட்டு அவள் காதருகே, “காமாலையே வராம காமாலைக்கு மருந்து குடிச்ச மொத ஆள் நாந்தாம்மா,” என்றான். அதுதான் அவன் கடைசியாகச் செய்த வேடிக்கை. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் முகத்தில் ஏதோ தெரிகிறது. தெரிகிறது என்பதுதானே பயம். காலையில் தானே எழுந்தான், போர்வையை மடித்து வைத்தான், சவரம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று கேட்டான், பிளேடை எடுத்துக் கொடுத்து முடிகிறவரை பக்கத்தில் நின்று திரும்ப வாங்கிப் பூட்டினாள், அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே சவரம் செய்தான், பாவம், அவனுக்கு எப்படி இருந்திருக்கும். மேஜையைத் துடைத்து வைத்தான். “அந்தக் கேமராவ அக்காவுக்குக் குடுத்துரும்மா, பாப்பாவ எடுக்கட்டும், நான் எங்க எடுக்கறேன்,” என்றான். நல்ல பேச்சு. அக்கா மேல் பாசம், நல்ல பேச்சுத்தான். ஆனால் தன் பொருளை ஏன் இன்றைக்குக் கொடுக்கிறான்? மடித்த போர்வை நல்லதா கெட்டதா? சவரம் செய்த முகம் திரும்பி வருகிற முகமா, போவதற்குத் துடைத்து வைத்த முகமா? இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அடுக்களைக்குத் திரும்பியபோது பாத்திரம் தளதளவென்று பொங்கி அடுப்பில் சிந்திக்கொண்டிருந்தது, பதறிப்போய் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் குழல்களைக் கொட்டினாள், மூழ்கிவிட்டு மேலே வந்தன. மணி பார்த்துக்கொள் என்றிருந்தாள் சௌமியா, பத்து நிமிஷம். மற்ற அடுப்பில் வாணலி வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்ணெயில் ஒரு உருண்டை போட்டாள், நசுக்கின பூண்டு, பூரிக்கட்டையால் குத்திச் சிதைத்த வெங்காயம், காளான், காளான் தண்ணீர் விட்டுச் சுருங்கிக் கறுத்தது. மைதாவைத் தூவிக் கிளறினாள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு என்றிருந்தாள், விட்டாள், கட்டி தட்டியது, கரண்டி முதுகால் நசுக்கினாள், ஒன்று நசுங்கினால் இன்னொன்று வந்தது. டாக்டரம்மாவும் இப்படித்தான் ஒன்றைச் சொல்லி அனுப்பினாள். சின்னப் பெண், சௌமியா வயதுதான் இருக்கும். “அம்மா, திடீர்னு அமைதியாயிட்டா, ரொம்ப நல்லா நடந்துக்கிட்டா, கவனமா இருங்க. பயமா இருந்தா நேரா கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு அந்த வார்த்தையப் போட்டே கேளுங்க.” “நான் கேட்டு, அது அவனுக்கு ஞாபகம் வந்துட்டா?” “கேக்கறதால அது வராதும்மா. உள்ள இருந்தா, நீங்க கேட்டா அவருக்கு வெளிய சொல்ல ஒரு இடம் கிடைக்கும்.” நம்பரும் எழுதிக் கொடுத்தாள், எந்நேரமும் கூப்பிடலாம் என்று. எழுதிக் கொடுத்த பேப்பர் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. முப்பத்தோரு நாளில் எத்தனையோ தடவை அவன் முன்னால் போய் நின்றிருக்கிறாள், வாய் வரை வந்துவிடும், வந்து, “காப்பி வேணுமா சாமி” என்று வெளியே விழும். எப்படிச் சொல்வாள்? விளக்கு அணைந்துவிட்டது என்றுகூடச் சொல்லாத வாய், குளிர்ந்துவிட்டது என்றுதான் சொல்லும். வெளியே கிளம்பினால் போறேன் என்று யாரும் சொல்லக்கூடாது, வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருக்கிற தேவதைகள் நாம் பேசுவதற்கெல்லாம் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம், விளக்கு வைத்த நேரத்தில் அது உடனே பலிக்குமாம், அவள் அம்மா சொன்னாள், இவள் நம்பினாள், பிள்ளைகளுக்கும் ஊட்டினாள். கட்டி கரைந்து சாஸ் மெழுகு மாதிரி மினுங்கத் தொடங்கியது. கிரீம் பாக்கெட்டின் மூலையைக் கடித்தாள். கடித்துக்கொண்டே நின்றாள். மகுவுக்கு ஏழெட்டு வயது இருக்கும், இதே மாதிரி விளக்கு வைத்த நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்தவன், என்னடா என்று கேட்டதற்கு, “ம்மா, செத்துப்போலாம் போல இருக்கு” என்றான். எங்கிருந்து கற்றானோ. அவள் என்ன செய்தாள்? ஏன்டா என்று கேட்டாளா? இழுத்து வாய் மேலேயே போட்டாள், உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது, “விளக்கு வெச்ச வீட்டுல என்ன பேச்சுடா பேசற, இன்னொரு தடவ அந்தச் சொல்லு உன்ற வாயில வந்துச்சுன்னா பாரு” என்றாள். மறுபடி வரவில்லை. இருபத்தோரு வருஷம் அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை, எவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. பரீட்சையில், வேலையில், ஊர் விட்டு ஊர் போன இடத்தில், அது வந்த போதெல்லாம் அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று விழுங்கியிருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைகூட அதை வாய் வரைக்கும் கொண்டுவந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோறு நல்லாருக்கு என்று மாற்றிச் சொல்லியிருக்கிறான், நான் காப்பி வேணுமா என்று மாற்றிச் சொல்கிற மாதிரியே. ஆத்தா. நான்தான் வாயைக் கட்டினேன். நான் உப்பை விட்டு என்ன ஆகப்போகிறது.

“வாசனை தூக்குதும்மா.” அவன் அடுக்களை வாசலில் நின்றான். வெள்ளைப் பனியன், தலை ஈரம், நெற்றியில் அவள் வைக்காமல் அவனே வைத்துக்கொண்ட திருநீறு. திலகவதி முகத்தைப் பால் ஆவிக்குள் வைத்துக்கொண்டாள், கிரீமைப் பிழிந்து ஊற்றினாள், குழல்களை வடித்துச் சாஸில் கொட்டிப் புரட்டினாள், பொடித்த மிளகைத் தூவினாள். “ஆச்சு, போய் உக்காரு.” அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான், சாமான் கூடவே வந்த பிளாஸ்டிக் முள்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டான், வீட்டு முள்கரண்டிகள் பீரோவில். அவள் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய். “எப்படி சாமி இருக்கு?” நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். “சூப்பரா இருக்கும்மா. கடையில கூட இப்படி வராது.”  அவள் கால் தானாகப் பின்னால் போய் அடுக்களை நிலையில் இடித்தது, பிடித்துக்கொள்ளத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. மேடை மேல் உப்பு ஜாடி திறந்தபடி இருந்தது. கரண்டி உள்ளே குத்தி நின்ற இடத்தில் அப்படியே நின்றது, சுற்றிலும் உப்பு கலையாமல் சமமாக இருந்தது. போடவில்லை. தண்ணீர் நின்ற சத்தம் கேட்டுக் கையை விட்டவள், திரும்பி வந்து போடவே இல்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லாத வெண்ணெயும் மாவும் பாலுமாக அவன் நிதானமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறான், நன்றாக இருக்கிறது என்கிறான். தட்டு பாதி காலி.

அவள் இன்னொரு தட்டில் நாலு குழலைப் போட்டுக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். கையாலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். விரதம் கெடவில்லை, கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று எதுவுமில்லாமல் தொண்டைக்குள் இறங்கியது. அவனுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்கிற தேவதைங்க எல்லாரும் கேட்டுக்கங்க என்று நினைத்தாள், பலிக்கிறதென்றால் என்ற வாய்தான் முதலில் வேகட்டும்.

“மகு.”

“ம்.”

“செத்துப்போகோணும்னு தோணுதா சாமி?”

முள்கரண்டி தட்டில் நின்றது. பல்லிகூடச் சத்தம் போடவில்லை. கீழே யாரோ வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடுகிற ஓசை வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள் நெஞ்சில் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாம்மா,” என்றான்.

 நாற்காலி அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது, கை மேஜையில் இருந்தது. “இன்னிக்கா?”

“தெரியலம்மா. நாளெல்லாம் இருக்கு. சில நேரம் தூரமா, சில நேரம் பக்கத்துல.”

“இப்ப?”

“பக்கத்துல.” உதட்டை நக்கிக்கொண்டான். “சவரம் பண்றப்ப, இது எதுக்குன்னு எனக்கே தெரியல. இருக்கறதுக்கா, போறதுக்கான்னு.”

அவள் எழுந்து, அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பேப்பரை எடுத்தாள். “டாக்டரம்மாவக் கூப்பிடட்டுமா?” “கூப்பிடு.” இரண்டு தடவை நம்பர் தப்பியது, மூன்றாம் தடவை அவனே போனை வாங்கி அமுக்கித் தந்தான். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், “கேட்டீங்களே, அதுவே பெரிசும்மா. பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன், அவரோட பேசணும். அதுவரைக்கும் பக்கத்துலயே இருங்க,” என்றாள்.

பத்து நிமிஷம். பாஸ்தா வேகிற நேரம். இரண்டு பேரும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாஸ் ஆறி மேலே ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. அவன் ஒரு குழலைக் குத்தி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வைத்தான்.

“உப்பே இல்லம்மா இதுல.”

“தெரியும்.”

“சகிக்கல.”

“அப்பறம் ஏன்டா நல்லாருக்குன்னே?”

“நீ பாத்துட்டே நின்னே.”

திலகவதிக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். உப்பு ஜாடி அடுக்களையில் இருக்கிறது, ஐந்து எட்டு வைக்கிற தூரம்தான், ஆனால் பக்கத்துலயே இருங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். குளித்த ஈரம் இன்னும் சில்லென்று இருந்தது. “எந்திரி. நீயும் வா.” அவன் எழுந்தான், சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவது போல நடந்தாள், அவன் கையை உருவவில்லை, அவளும் விடவில்லை. மேடை முன்னால் நின்று ஜாடிக்குள் கையை விட்டுக் கல்லுப்பை அள்ளினாள். அவன் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டிவிட்டு, பிறகு நினைவு வந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

“கைல குடுத்தா சண்ட வரும்மா.”

அவள் அவன் கையை விரித்து, அதில் உப்பை வைத்து, விரல்களை மூடினாள்.

“வரட்டும்,” என்றாள். “நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்.”